குருதிச் சிறுதட்டு - வெள்ளையணு பிணைப்பு

குருதிச் சிறுதட்டு - வெள்ளையணு பிணைப்பு என்பது, மனிதக் குருதியில் தூண்டப்பட்ட சிறுதட்டுக்கள் வெள்ளையணுக்களுடன் ஒட்டி, அவற்றின் செயற்பாட்டை மாற்றும் நிகழ்வு ஆகும். காயம்பட்ட இடத்தில் குருதிப்போக்கை நிறுத்துவதே சிறுதட்டுக்களின் முதன்மைப் பணியாகும். எனினும் நோயெதிர்ப்பிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதை இப்பிணைப்பு காட்டுகிறது. இது கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கத் துணைபுரிகிறது. அளவு மீறினால் நோய்க்கும் காரணமாகிறது.

பின்னணி

சிறுதட்டுக்கள், எலும்பு மச்சையிலுள்ள மெகாகேரியோசைட்டு என்னும் பெரிய உயிரணுக்களிலிருந்து பிரியும் துண்டுகள் ஆகும். இவற்றுக்கு உட்கரு இல்லை. இவற்றின் விட்டம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர். ஆயுட்காலம் 7 முதல் 10 நாட்கள். நலமான ஒருவரின் ஒரு மைக்ரோலீட்டர் குருதியில் சுமார் 1,50,000 முதல் 4,50,000 வரையான சிறுதட்டுக்களும், 4,000 முதல் 11,000 வரையான வெள்ளையணுக்களும் காணப்படும். குருதி உறைதலில் சிறுதட்டுக்களின் பங்கை 1882 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் கியூலியோ பிட்சோசெரோ விளக்கினார்.

பிணைப்பு நிகழும் முறை

நலமான குருதிக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்கிளின் ஆகியவற்றைச் சுரந்து சிறுதட்டுக்களை ஓய்வு நிலையில் வைத்திருக்கிறது. உட்சுவர் சிதைந்தாலோ கடும் தொற்று ஏற்பட்டாலோ பின்வருவன நிகழ்கின்றன:

1. சிறுதட்டு தூண்டப்படுகிறது. அதன் உள்ளே ஆல்ஃபா துகள்களில் இருந்த பி-செலக்டின் என்னும் புரதம் மேற்பரப்புக்கு வருகிறது.
2. வெள்ளையணுவின் மேற்பரப்பிலுள்ள பிஎஸ்ஜிஎல்-1 என்னும் ஏற்பியுடன் பி-செலக்டின் பிணைகிறது. இப்பிணைப்பு தளர்வானது.
3. இதனால் தூண்டப்படும் வெள்ளையணுவில் மேக்-1 என்னும் புரதம் செயல்நிலை அடைகிறது. அது சிறுதட்டின் மேற்பரப்புப் புரதங்களையும் அங்கு ஒட்டியுள்ள ஃபைப்ரினோஜெனையும் பற்றுவதால் பிணைப்பு உறுதியாகிறது.

நியூட்ரோஃபில், மோனோசைட்டு ஆகிய வெள்ளையணு வகைகளில் இது சிறப்பாகக் காணப்படுகிறது.

நோயெதிர்ப்பில் பங்கு

காயத்தின் மீது படிந்த சிறுதட்டுக்கள், ஓடும் குருதியிலிருந்து வெள்ளையணுக்களைப் பற்றி நிறுத்துகின்றன. இதனால் கிருமிகள் நுழையக்கூடிய இடத்திலேயே காவலும் அமைகிறது. நியூட்ரோஃபில்கள் தம் டி. என். ஏ. இழைகளை வலைபோல் வெளியேற்றிக் கிருமிகளைச் சிக்கவைக்கும் என்பது 2004 இல் கண்டறியப்பட்டது. குருதியில் கடும் தொற்று உள்ளபோது சிறுதட்டுக்கள் ஒட்டுவது இவ்வலை உருவாகத் தூண்டுதலாகும் என 2007 இல் வெளியான ஆய்வு காட்டியது.

நோய்களில் பங்கு

கிருமியைப் பிடிக்கும் அதே வலை சிறுதட்டுக்களையும் சிவப்பணுக்களையும் பிடித்து, குழாயினுள் குருதிக்கட்டி உருவாக இடமளிக்கிறது. தமனித் தடிப்பில், சிறுதட்டு ஒட்டிய மோனோசைட்டுகள் குழாய்ச் சுவரில் எளிதில் தங்கி அழற்சியை வளர்க்கின்றன. மாரடைப்பு ஏற்பட்டோரின் குருதியில் இத்தகைய மோனோசைட்டுகள் மிகுதியாக உள்ளன.

பி-செலக்டினைத் தடுக்கும் கிரிசான்லிசுமாப் என்னும் மருந்துக்கு, அரிவாளணு நோயில் ஏற்படும் வலித் தாக்குதல்களைக் குறைப்பதற்காக, 2019 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பிந்தைய ஆய்வில் போதிய பயன் காணப்படாததால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் அனுமதி 2023 இல் நீக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் ஏற்படும் பிழை

அரிதாக, ஈ. டி. டி. ஏ. என்னும் உறைவெதிர்ப்பி கலந்த குழாயில் எடுக்கப்பட்ட குருதியில், சிறுதட்டுக்கள் நியூட்ரோஃபில்லைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்ளும். இது உடலுக்குள் நிகழ்வதன்று. குழாயில் மட்டும் நிகழ்வது. எண்ணும் கருவி இச்சிறுதட்டுக்களைத் தனியே கணக்கிடாததால் எண்ணிக்கை குறைவாகக் காட்டப்படும். குருதிப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தும், சிட்ரேட்டு கலந்த குழாயில் மீண்டும் குருதி எடுத்தும் உண்மையை அறியலாம். இவ்வாறு சரிபார்க்காவிடில், நோயற்ற ஒருவருக்குத் தேவையற்ற சிகிச்சை அளிக்கப்படக்கூடும்.