தாது வருஷப் பஞ்சம்: கூலி கொடுத்த மிஷனரி ஞானஸ்நானத்தை நிறுத்திவைத்தது ஏன்?

சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தமிழ் மக்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றே நினைவுகூர்கின்றனர். இன்றைய சித்தூர், திருப்பதி பகுதிகள் அடங்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டமும் இதற்குத் தப்பவில்லை.

அக்காலத்தில் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஓங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்ட் போதகர் ஜான் கிளஃப் பணியாற்றி வந்தார். இளமையில் நில அளவைப் பணி அறிந்தவரான அவர், பக்கிங்ஹாம் கால்வாயின் சுமார் மூன்றரை மைல் தொலைவைத் தோண்டும் ஒப்பந்தத்தை ஏற்றார். பசியால் வாடிய ஆயிரக்கணக்கானோர் அங்கு மண் வெட்டிச் சுமந்து கூலி பெற்றனர். அவர்களுள் தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளான மாதிகா சமூகத்தினர் பலர்.

பஞ்ச காலத்தில் பலர் ஞானஸ்நானம் கேட்டும் கிளஃப் அதனை நிறுத்திவைத்தார். உணவுக்காக மக்கள் சமயம் மாறும் நிலை ஏற்படக் கூடாது என்பதே அதற்குக் காரணம். நிவாரணப் பணி முடிந்த பிறகே ஞானஸ்நானம் மீண்டும் தொடங்கியது. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் அதனைப் பெற்றனர்.

பஞ்சமே இவர்களைத் திருச்சபைக்குக் கொண்டுவந்தது என்போரும், சாதிக் கொடுமையிலிருந்து விடுபடும் வேட்கையே காரணம் என்போரும் உண்டு. எனினும், பசித்தவரின் இக்கட்டைப் பயன்படுத்தலாகாது என்ற நெறி இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. சமயக் கருத்தைப் பரப்ப உதவியைக் கருவியாக்கக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை விதிகள் வலியுறுத்துகின்றன. உதவி பெறுவோரிடையே பகை மூளாமல் காப்பதும் இந்நெறியே.