வீட்டில் படிக்கும் சிறுபிள்ளையும் பெற்றோரின் பங்கும்



கடந்த சில ஆண்டுகளில் எமது பிள்ளைகளின் பாடசாலைக் கதவு மூன்று தடவைகள் மூடப்பட்டது. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள், இடையிடையே திறந்து மூடி, 2021 ஒக்டோபரில்தான் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மறுபடியும் திறந்தன. 2022 நடுப்பகுதியில் எரிபொருள் இன்றி அவை மீண்டும் மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவு கண்டி மாவட்டத்தில் வீடுகளையும் காணிகளையும் கொண்டுபோனது. பாடசாலைகள் சில இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயின.

ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் படிப்பு பெற்றோரின் தலையில் விழுந்தது. "எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது சாமி, நான் எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கலஹாப் பக்கத்துத் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்று நடந்தது என்ன?

2020, 2021ஆம் ஆண்டுகளில் ஆசிரியர்கள் பலர் வாட்ஸ்அப் மூலம் பயிற்சிகளை அனுப்பினார்கள். தொலைக்காட்சியில் 'குருகெதர' என்ற பாட நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஆனால் மலைநாட்டில் பல இடங்களில் சிக்னல் இல்லை. பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்தில், பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டு வழியாக மலையேறிச் சென்றே பாடங்களை அனுப்பவும் பெறவும் வேண்டியிருந்தது. சிக்னல் இருந்த இடங்களிலும், வீட்டுக்கு ஒரு போன். அதைத் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோவார். அவர் திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிவிடும்.

இதைவிடப் பெரிய நட்டம் ஒன்றும் நடந்தது. பிள்ளை எழுதத் தாமதித்ததால் அம்மாவோ அக்காவோ எழுதிப் படம் பிடித்து அனுப்பினார்கள். ஆசிரியர் போட்ட 'சரி' பிள்ளைக்கல்ல, அம்மாவின் கையெழுத்துக்கே கிடைத்தது. பாடசாலை திறந்தபோது, மேல் வகுப்புக்கு ஏறியும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளைகளைக் கண்டோம். அப்படிப்பட்ட பிள்ளை வெட்கத்தினால் வகுப்பின் பின்வரிசைக்குப் போகிறது. பின்பு பாடசாலைக்குப் போகவே மறுக்கிறது.

சிறுபிள்ளை எப்படிக் கற்கிறது?

ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளை கையால் தொட்டு, வாயால் சொல்லி, மறுபடி மறுபடி செய்துதான் கற்கிறது. அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுத வைத்தது இதனால்தான். போன் பாடத்தைக் கொண்டுவரலாம். ஆனால் பிள்ளை பென்சிலைத் தவறாகப் பிடிப்பதை அது காணாது. பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான் அதைக் காண முடியும்.

நாம் செய்யக்கூடியவை

1. நேரம்: காலைத் தேநீருக்குப் பின் பதினைந்து நிமிடம், பின்னேரம் பதினைந்து நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே இடம் என்பது முக்கியம். தங்குமிடத்தில் ஒரு பாயும் ஒரு மூலையும் இருந்தாலே போதும்.

2. போன்: பயிற்சியை ஒரு தாளில் எழுதி எடுத்தபின் போனைத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையையோ பக்கத்து வீட்டாரையோ எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. பிழை: பிள்ளை விட்ட பிழை அப்படியே ஆசிரியருக்குப் போகட்டும். பிழையைப் பார்த்தால்தான் எதைத் திரும்பக் கற்பிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

4. வாசிப்பு: உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளையை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "இதில் என்ன சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். கதை விளங்கினால் பிள்ளைக்கும் விளங்கியிருக்கிறது.

5. கணக்கு: போஞ்சி விதைகளைப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போனால் மீதிக் காசை எண்ண விடுங்கள். விவசாயிக்குத் தெரியாத கணக்கா?

6. கூட்டு: ஒரே வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரு போனைப் பயன்படுத்தலாம்; ரீலோட் செலவைப் பங்கிடலாம். படித்த இளைஞர் ஒருவரை உதவிக்குக் கேட்கலாம்.

7. அடி வேண்டாம்: இடம்பெயர்ந்த பிள்ளை மழைச் சத்தத்துக்கே பயப்படும், பாடத்தில் மனம் நில்லாது. அடித்தால் புத்தகத்தையும் பயப்படத் தொடங்கும். முதலில் பேசவிட்டு, பிறகு எழுத வையுங்கள்.

பாடசாலையோடு தொடர்பை விடாதீர்கள்

வீட்டுப் படிப்பு பாடசாலைக்கு ஈடாகாது. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. சீருடையோ பத்திரங்களோ மண்ணோடு போய்விட்டன என்பதற்காகப் பிள்ளையை மறித்து வைக்காதீர்கள். பிள்ளையோடு நேரில் போய் அருகிலுள்ள பாடசாலை அதிபரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் பேசுங்கள். கைக்குழந்தையைப் பார்ப்பதற்காக மூத்த பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்துவதும் வேண்டாம்.

கோவாக் கன்றைப் பிடுங்கி நடும்போது வேரோடு கொஞ்சம் மண்ணும் சேர்த்தே எடுக்கிறோம். புது இடத்தில் அது வேர் பிடிக்கும்வரை காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறோம். இடம் மாறிய பிள்ளைக்கும் அந்தக் கவனம் வேண்டும். இன்றிரவு விளக்கை அணைக்குமுன் உங்கள் பிள்ளையை ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.