தலையில் தையல்... நீள முடியை வெட்டித்தான் ஆகணுமா?

டூ-வீலரிலிருந்து விழுந்தாலும் சரி, சமையலறை அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டாலும் சரி, தலையிலிருந்து ரத்தம் கொட்டினால் வீட்டில் யாருக்கும் கை கால் ஓடாது. ஆஸ்பத்திரிக்கு ஓடி, தையல் போட்டு, ‘உள்ளே ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க’ என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சே வரும். நீள முடி வைத்திருப்பவர்களுக்கு அடுத்த தலைவலி அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. முடி ரத்தத்தில் ஊறி, காய்ந்து, கயிறு மாதிரி திரிந்து கிடக்கும். சீப்பு இறங்காது. தலைக்குக் குளிக்கலாமா என்றும் தெரியாது. ‘முடிதானே, வெட்டிட்டா வளர்ந்துரும்’ என்று வீட்டில் ஒருவர் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார்.

வளரும்தான். ஆனால் தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. மட்டுமே வளரும். 60 செ.மீ. நீளமுள்ள முடி திரும்பி வர 5 ஆண்டுகள் ஆகும். இரண்டு வாரத்தில் மூடிவிடும் காயத்துக்கு 5 ஆண்டு முடியைக் கொடுக்கத்தான் வேண்டுமா? பெரும்பாலான சாதாரண வெட்டுக்காயங்களில் வேண்டியதில்லை. ஆணோ பெண்ணோ, இதை முதல் நாளே தெரிந்துவைத்திருந்தால் முடிவை நீங்கள் எடுக்கலாம். பதற்றத்தில் வேறு யாரோ எடுக்க வேண்டியிருக்காது.

தலைக்காயம் ஏன் அவ்வளவு ரத்தம் கொட்டுகிறது?

தலையின் தோலுக்குக் கீழே ரத்தக் குழாய்கள் அடர்த்தியாக ஓடுகின்றன. அவற்றைச் சுற்றியிருக்கும் கெட்டியான நார்த் திசு, வெட்டுப்பட்ட குழாயைச் சுருங்கி மூட விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சின்னக் கீறலுக்குக்கூட சட்டை நனைகிற அளவுக்கு ரத்தம் வருகிறது. சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிப்பதுதான் முதலுதவி. காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். அப்பினால் தையல் போடுவதற்கு முன்பு அத்தனையையும் முடிக்குள்ளிருந்து கழுவி எடுக்க வேண்டும். நீள முடியில் அது பெரிய பாடு.

அதே ரத்த ஓட்டத்தால் ஒரு நன்மையும் உண்டு. உடம்பின் மற்ற பல இடங்களைவிட தலைக்காயம் சீக்கிரம் ஆறும். சீழ் பிடிப்பதும் குறைவு.

மழிக்காமல் தையல் போட முடியுமா?

முடியும். சவரக்கத்தியால் மழிக்கும்போது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கிருமிகளுக்கு அவையே வாசல். அறுவை சிகிச்சைக்கு முன் முடியை எடுக்கவே வேண்டாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் டிரிம்மர் போன்ற கருவியால் எடுங்கள், மழிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சிறிய வெட்டுக்காயத்துக்கு, முடியை நனைத்து இரு பக்கமும் ஒதுக்கிவிட்டே தையலோ ஸ்டேப்ளர் பின்னோ போடலாம்.

நீள முடியே சிகிச்சைக்குக் கைகொடுக்கும் ஒரு முறையும் உண்டு. காயத்தின் இரு கரையிலும் இருந்து சில இழை முடியை எடுத்து, காயத்துக்குக் குறுக்கே ஒருமுறை முறுக்கி, அந்த முறுக்கின்மேல் ஒரு சொட்டு மருத்துவப் பசை விடுவார்கள். ஊசி, நூல் எதுவும் தேவையில்லை. முடி குறைந்தது 3 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். ரத்தம் நின்றிருக்க வேண்டும். இதை வழக்கமான தையலோடு ஒப்பிட்டு சிங்கப்பூர் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. வலி, வடு, ஆகும் நேரம் மூன்றிலுமே முடி முறுக்கும் முறை தேவலாம் என்று அதில் தெரியவந்தது. எல்லாக் காயத்துக்கும் இது பொருந்தாது. ஆனாலும், ‘டாக்டர், முடியை எடுக்காம பண்ண முடியுமா?’ என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்காவிட்டால், அவசரத்தில் யார் கையில் எது கிடைக்கிறதோ அதுதான் ஓடும்.

மண்டையோடு உடைந்திருந்தாலோ, மூளைக்குள் ரத்தக்கசிவுக்கு அறுவை சிகிச்சை என்றாலோ, காயம் மண்ணும் கண்ணாடித் துண்டுமாக இருந்தாலோ கதை வேறு. அப்போது முடிக்காக வாதாட வேண்டாம். அங்கும் முழு மொட்டை தேவையா, அந்தப் பட்டை மட்டும் போதுமா என்று கேட்கலாம். பட்டையாக எடுத்த இடத்தை மேலிருந்து விழும் முடி பெரும்பாலும் மூடிவிடும்.

முதல் இரண்டு நாள்

முடியைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல் கசிவு - இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் காயம் நனையக் கூடாது. ஆனால் அதே நேரத்தில்தான் முடியில் ஊறிய ரத்தம் காய்ந்து இறுகுகிறது. அதற்கு வழி இருக்கிறது. காயத்தைத் தொடாமல், தோளுக்குக் கீழே தொங்கும் முடியை மட்டும் ஈரத்துணியால் பகுதி பகுதியாகத் துடைத்துவிடலாம். தண்ணீர் குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோ இருக்கட்டும்; சூடான தண்ணீர் பட்டால் ரத்தக்கறை இன்னும் கெட்டியாகும். அன்றைக்கே இதைச் செய்துவிட்டால், மூன்றாம் நாள் கத்தரிக்கோலைத் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

சிக்கு எடுப்பதில்தான் எல்லாமே

டாக்டர் அனுமதித்த பிறகு முதல் தலைக்குளியல். ஷவரை வேகமாகத் திறந்துவிட வேண்டாம். தலையைப் பின்னால் சாய்த்து, மக்கில் எடுத்து மெதுவாக ஊற்ற வேண்டும். மிதமான ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து ஊற்றினாலே போதும். காயத்தின்மேல் விரல் தேய்க்க வேண்டியதில்லை. சீயக்காய்த்தூளும் அரப்பும் இப்போதைக்கு வேண்டாம், துகள் தையலில் போய் உட்கார்ந்துகொள்ளும். முடியை மொத்தமாக உச்சியில் குவித்துத் தேய்க்கும் பழக்கம் இருப்பவர்கள் கவனம். சிக்கு அங்கேதான் பிறக்கிறது. முடி தொங்கியபடியே நனையட்டும். காயத்தைச் சுற்றி டவலால் ஒற்றி எடுங்கள். தலையில் டவலை முறுக்கிக் கட்டும் கொண்டையும், சூடான டிரையரும் கூடாது.

அடுத்தது சிக்கு. கண்டிஷனர் தோளுக்குக் கீழே மட்டும். முடியை நான்கைந்து பிரிவாகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே வர வேண்டும். முக்கியமான சங்கதி: எந்தச் சிக்கை எடுக்கிறீர்களோ, அதற்கு மேலே முடியை மறு கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்தால் இழுப்பு அந்தக் கையோடு நின்றுவிடும், தையல் வரை போகாது. தனக்குத்தானே செய்துகொள்வது கஷ்டம். பின்னால் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய அம்மாவோ தோழியோ இருந்தால் நல்லது. ஒரே நாளில் முடிக்கணும் என்று கட்டாயமில்லை. தையலை ஒட்டிய சிக்கை அப்படியே விட்டுவிடலாம். தையல் பிரித்த பிறகு, பொருக்கு தானாக உதிர்ந்ததும் அது சுலபமாக வரும். எதற்கும் அசையாத முடிச்சு ஒன்றிரண்டு இருந்தால், அவற்றை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். ஒரு முடிச்சுக்காக ஜடையையே வெட்டுவது வீண்.

தேங்காய் எண்ணெய்? நுனி முடியில் சிக்கு எடுக்க இரண்டு சொட்டு தடவலாம். காயத்தின் பக்கமே வரக்கூடாது. பசை போட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. எண்ணெயும் களிம்பும் பட்டால் பசை நாள் வருவதற்குள் பெயர்ந்துவிடும்.

ஜடை, தூக்கம், ஹெல்மெட்

இறுக்கமான குதிரைவால், உச்சிக் கொண்டை, கிளட்ச் கிளிப் மூன்றுமே தலைத்தோலை இழுக்கும். உச்சியிலோ பக்கவாட்டிலோ காயம் என்றால், வகிட்டைக் காயத்திலிருந்து தள்ளி எடுத்து, கழுத்துக்குக் கீழே தொடங்கும் தளர்வான இரட்டைப் பின்னல் சரியாக இருக்கும். பிடரியில் காயம் என்றால் முடியை முன்பக்கம் கொண்டுவந்து பின்னிக்கொள்ளலாம். பூ வைத்தே ஆகணும் என்பவர்கள் ஹேர்பின்னைக் காயத்தின் பக்கம் செருகாமல் ஜடையின் கீழ்ப்பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

இரவில்தான் யாரும் எதிர்பார்க்காத இழுப்பு வரும். ஜடை முதுகுக்கடியில் மாட்டிக்கொள்ள, புரண்டு படுத்தால் சுளீரென்று இழுக்கும். படுக்கும்போது பின்னலைத் தலையணைக்கு மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஹெல்மெட் தையலில் உரசும், வியர்வை தேங்கும். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. தையல் பிரிக்கும்வரை பஸ், மெட்ரோ, ஆட்டோ என்று சமாளிக்க வேண்டியதுதான். விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கலாம்.

அரிப்பு, பேன், டை

தலைத்தையலை வழக்கமாக 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். அதற்கு முன்பே அரிக்கத் தொடங்கும். ஆறும்போது அரிப்பது சகஜம். நகம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். வலி கூடினாலோ, சிவந்து வீங்கினாலோ, சீழோ நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ காத்திருக்காமல் காட்ட வேண்டும். நீள முடி காயத்தை மூடியிருப்பதால் இதெல்லாம் தாமதமாகத்தான் கண்ணில் படும். தினமும் ஒருமுறை முடியை விலக்கி, செல்போனில் ஒரு போட்டோ எடுத்து முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் தெரிந்துவிடும்.

பல நாள் சரியாக வாராத தலையில் பேன் கிளம்புவதும் நடக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை. பேன் மருந்தை ஆறாத காயத்தில் தடவக் கூடாது, அவ்வளவுதான். டை, ஸ்ட்ரெய்ட்டனிங் போன்றவற்றைக் காயம் முழுமையாக ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். கோயிலுக்கு மொட்டை வேண்டுதல் இருந்தாலும் அப்படித்தான். புதுத் தழும்பின்மேல் கத்தி ஓடக் கூடாது.

மூன்று மாதம் கழித்து கொட்டினால்?

காயம் ஆறி, எல்லோரும் மறந்துபோன பிறகு, இரண்டு மூன்று மாதத்தில் சிலருக்குச் சீப்பு நிறைய முடி வரும். பெரிய அடி, அறுவை சிகிச்சை, கடும் காய்ச்சல் போன்ற அதிர்ச்சிக்குப் பின் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், பிறகு சேர்ந்தாற்போல் உதிர்வதால் வருவது இது. தையல் சரியாகப் போடாததாலோ ஷாம்பூவாலோ வருவதல்ல. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். நீள முடிக்காரர்களுக்குத் தரையில் விழும் ஒவ்வொரு இழையும் பெரிதாகத் தெரிவதால் பயமும் கூடுதல். நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எப்போதுமே உள்ளதுதான்.

தழும்பு விழுந்த கோட்டில் முடி வேர்கள் அழிந்திருந்தால் அங்கே மட்டும் முடி முளைக்காது. மெல்லிய கோடுதான், வகிட்டைச் சற்று மாற்றி எடுத்தால் தெரியாது. அகலமாகத் தெரிந்தால், ஒரு வருடம்போல விட்டுவிட்டுத் தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பார்க்கலாம். தழும்பைச் சுருக்கவும், அந்த இடத்தில் முடி நடவும் சிகிச்சைகள் இருக்கின்றன.