துடிப்புத்தாரை எஞ்சினின் எரிபொருட் குறைபாடுகளும் இசைவுக் குறைபாடுகளும்

துடிப்புத்தாரை எஞ்சின் அமைப்பில் மிக எளியது. ஆனால் இயக்குவதற்கு அரியது. ஒரு குழாய், காற்றை உள்ளே விட்டு வெளியேறாது தடுக்கும் மெல்லிய உருக்கு இதழ்கள், எரிபொருளைத் தூவும் நுண்டுளை ஆகியவையே அதன் உறுப்புக்கள். இவ்வெளிமை காரணமாகப் பல நாடுகளிலும் ஆர்வலர்கள் இதனைத் தம் சொந்தப் பட்டறைகளிலேயே ஆக்கி வந்துள்ளனர். எனினும் அவ்வாறு ஆக்கப்பட்டவற்றுட் பல, சில தடவை வெடித்து ஓசையெழுப்பிய பின் அடங்கிவிடுகின்றன. இக்குறைபாட்டின் காரணத்தை எந்த ஒழுங்கில் தேட வேண்டும் என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

முதலில் இயக்கத்தை நோக்குவோம். அறையில் எரிபொருட் கலவை தகனமடைய அமுக்கம் உயர்கின்றது, இதழ்கள் மூடிக்கொள்கின்றன, வாயு வாற்குழாய் வழியே விரைந்து வெளியேறுகின்றது. சடத்துவத்தினால் அவ்வெளியேற்றம் தேவைக்கு மேலும் நீடிப்பதால், அறையின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் தாழ்கின்றது. அப்போது இதழ்கள் திறந்து புதுக்காற்று நுழைகின்றது. எஞ்சிய வெப்பவாயு புதிய கலவையைப் பற்றவைக்கின்றது. எனவே தீப்பொறி தொடக்கத்துக்கு மட்டுமே வேண்டப்படுகின்றது.

இத்துடிப்பின் மீடிறனைப் பெரிதும் நிர்ணயிப்பது குழாயின் நீளமாகும். ஒரு முனை மூடிய குழாயில் ஒலியலை செயற்படுவது போலவே இதுவும் செயற்படுகின்றது. 1944 ஜூன் 13 இல் முதன்முதலாக இலண்டன் மீது ஏவப்பட்ட ஜேர்மனிய வி-1 பறக்கும் குண்டின் ஆர்கஸ் எஞ்சின் ஏறக்குறைய மூன்றரை மீற்றர் நீளமானது. அது செக்கனுக்கு 45 முதல் 50 தடவை வரை துடித்தது. அரை மீற்றர் நீளமான சிறு எஞ்சினில் இத்தொகை 200 ஐக் கடந்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் இதழ்கள் ஒரு முறை திறந்து மூட வேண்டும் என்பதை மனங்கொள்ளின், குறைபாட்டை முதலில் எங்கே தேட வேண்டும் என்பது தெளிவாகும்.

முதற் சோதனை இதழ்களுக்கே உரியது. கசியும் இதழ், ஏனைய எல்லாக் குறைபாடுகளின் தோற்றத்தையும் தரவல்லது. நுனி சிதைந்துள்ளதா, வெடிப்புண்டா, இருக்கையில் தட்டையாகப் படிகின்றதா என வெளிச்சத்திற் பிடித்து நோக்குதல் வேண்டும். இதழ் மிகத் தடித்தாற் போதிய காற்று நுழையாது. அளவுக்கு மீறி வளைய விட்டால் விரைவில் முறியும்.

இரண்டாவது எரிபொருள். வாலிலிருந்து நீண்ட மஞ்சட் சுவாலையும் கரியும் வெளிப்படின் கலவையில் எரிபொருள் மிகை. தனித்தனி வெடிப்புக்கள் தோன்றித் தொடராது அணையின் பெரும்பாலும் எரிபொருள் குறைவு. எரிபொருளை மாற்றுவோர் விகிதத்தையும் கருத வேண்டும். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய நிறைப்படி ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும், மெதனோலுக்கு 6.4 பங்கே போதும். ஆகவே பெற்றோலுக்கென அமைத்த நுண்டுளையில் மெதனோலைச் செலுத்தினால் எஞ்சின் பட்டினி கிடக்கும். உறிஞ்சல் முறையில் எரிபொருள் பெறும் எஞ்சினில், தாங்கியின் திரவ மட்டம் தாழ்வதே கலவையைக் குலைத்துவிடும். புரொப்பேன் பயன்படுத்தும்போது, திரவம் ஆவியாகுந்தோறும் உருளை குளிர்கின்றது. அதனால் அமுக்கம் வீழ்ந்து, நன்றாக இயங்கிய எஞ்சின் சிறிது நேரத்தில் அணைந்துபோகின்றது. இங்கு பழுது எஞ்சினில் இல்லை.

தொடக்கக் காற்று செலுத்தப்படும்வரை இயங்கி, அதனை நிறுத்தியதும் நின்றுவிடுவது மற்றொரு பொதுக் குறைபாடு. அமுக்கத்தினால் ஊட்டப்படும் எரிபொருள் மாறாதிருக்க, காற்று மட்டும் குறைவதால் கலவையில் எரிபொருள் மிகையாகின்றது. காற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அதற்கேற்ப எரிபொருளையும் குறைத்து வருதலே தகுந்த வழி.

இவையனைத்தும் சீராயிருந்தும் இயங்காவிடின் மட்டுமே குழாயின் நீளத்தைத் தொட வேண்டும். வால் மிகக் குறுகின் வெளியேறும் வாயுவின் திணிவு போதாமல் உறிஞ்சல் வலுவிழக்கும். பலர் முதலிலேயே குழாயை வெட்டிவிடுகின்றனர்; வெட்டியதை மீட்க முடியாது. மேலுறைக் குழாயொன்றைச் செருகி நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதிப்பதே அறிவுடைமை. ஒரு வேளையில் ஒரு மாறியை மட்டும் மாற்றிக் குறித்துக்கொள்ளும் ஆய்வுகூட முறையே இங்கும் பொருந்தும்.

தவறிய தொடக்கங்களின்போது குழாயில் தேங்கிய எரிபொருள் திடீரெனப் பற்றக்கூடும். காபனோரொட்சைட்டு வாயு நிறமற்றது. ஓசையோ செவியைப் பழுதாக்க வல்லது. ஆகவே திறந்த வெளியும் செவிக்காப்பும் தீயணைப்பானும் இன்றி இதனை இயக்குதல் ஆகாது.

எளிமையும் மலிவும் தம்மளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல. அவ்வியல்புகளே இவ்வெஞ்சினை வி-1 குண்டுக்கு உகந்ததாக்கின. அக்குண்டினாற் பிரித்தானியாவில் 6,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் உற்பத்தியில் வதைமுகாம் கைதிகளின் உழைப்பும் பிழிந்தெடுக்கப்பட்டது. அதே குழாய் இன்று மாணவன் கையில் அலையியலையும் தகனவியலையும் கற்பிக்கும் கருவியாகலாம். எவர், எவருக்காக, எந்நோக்குடன் ஆக்குகின்றனர் என்ற வினாவைத் தொழில்நுட்பக் கல்வி தன் பாடத்துக்குப் புறம்பானதாகக் கருதலாகாது என்பதே எமது கருத்து.