உயிரணுவுக்குள் ஒரு விளக்கு



ஹஜ்ஜுக் காலத்தில் புனித கஅபாவை மக்கள் தவாஃப் செய்யும் காட்சியைப் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். எங்கு நோக்கினும் வெண்ணிற இஹ்ராம். மேல்தளத்தில் நிற்கும் நீங்கள், அக்கூட்டத்தில் உங்கள் தந்தை செல்லும் வழியைக் கண்ணால் தொடர முடியுமா? அவர் கையில் ஒரு பச்சை விளக்கு இருந்தால் முடியும்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் அத்தகைய கூட்டமே. அதனுள் கோடிக்கணக்கான புரதங்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றை அடையாளம் காண அறிஞர்கள் ஒளிரும் சாயத்தை ஒட்டிப் பார்த்தனர். தனியொரு சாய மூலக்கூறோ சில வினாடிகளில் அணைந்துவிடும்.

இக்குறையைப் போக்கியவை 'குவாண்டம் புள்ளிகள்' எனும் நுண்மணிகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அக்கூறுகளில் சிலவற்றின் அளவே ஒரு மணி. பொருள் ஒன்றே, ஆயினும் சிறியது நீலமாகவும் பெரியது சிவப்பாகவும் ஒளிரும். இவற்றைச் சீரான அளவில் ஆக்கும் முறையை 1993-இல் அமெரிக்காவில் வகுத்தவர், துனீசியத் தந்தைக்குப் பாரீஸில் பிறந்த மௌங்கி பவெண்டி. 2023-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

2003-இல் பாரீஸில் மாக்சிம் தஹான் குழுவினர், உயிருள்ள நரம்பணுவின் மேற்சவ்விலுள்ள கிளைசின் ஏற்பி எனும் புரதத்தில், எதிர்ப்புரதத்தின் துணையால் இம்மணியைப் பிணைத்தனர். மணி இடையிடையே கண்சிமிட்டியது. அச்சிமிட்டலே, தாம் காண்பது கூட்டமன்று, தனியொரு மணியே என்பதற்குச் சான்றாயிற்று. நிமிடக் கணக்கில் அதைத் தொடர்ந்தனர். நிலையாக நிற்பதாக நாம் எண்ணக்கூடிய அப்புரதம், நரம்புச் சந்திப்புக்குள் நகர்ந்து நுழைவதைக் கண்டனர். சுப்ஹானல்லாஹ்!

குறைகளும் உண்டு. இத்தகைய மணிகள் பலவற்றில் காட்மியம் எனும் நச்சு உலோகம் உள்ளது. மேற்பூச்சு சேர்ந்தால் மணி பருத்து, புரதத்தின் இயல்பான நடையைத் தடுக்கவும் கூடும். ஆகவே இவை நோய்க்கு மருந்தல்ல. ஆய்வுக்கூடத்தில் அறிவதற்கான கருவி.

நாம் உறங்கும்போதும் நம்முள் இந்த நடமாட்டம் ஓய்வதில்லை. நம் உடல், நாம் அறியாமலே நமக்காக உழைக்கும் அமானிதம். "இது எப்படி நடக்கிறது?" என்று உங்கள் பிள்ளை வினவினால் அதட்டி அடக்காதீர்கள். விளக்கேந்தித் தேடுவதும் படைத்தவனின் ஆற்றலை உணரும் வழியே.