அஞ்சாவது செமஸ்டர்ல எதுக்குடா அல்ஜிப்ரா?

இந்த எபிசோடை சிவகிரியில, எங்க சித்தி வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணினேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டிருக்கும். கொல்லம் ரோடு பக்கத்துலயே போகுது, என்ன பண்ண.

சித்தி பொண்ணு பி.எஸ்சி. கணிதம், கடைசி வருஷம். அடுத்து எம்.எஸ்சி.யா, எம்.சி.ஏ.வா, பி.எட்.டான்னு வீட்டுல பேச்சு ஓடுது. நேத்து ராத்திரி சாப்பிடும்போது கேட்டா: "ஏண்ணே, இந்த குரூப்பு, ரிங்கெல்லாம் படிச்சு எனக்கு என்னத்துக்கு ஆகப்போகுது? நீ படிச்சது வேலைக்கு ஆச்சு."

அவளுக்குத் தெரியாத விஷயம், அதே குரூப்பையும் ரிங்கையும் நானும் படிச்சிருக்கேன். அண்ணா யுனிவர்சிட்டி 2017 ரெகுலேஷன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு அஞ்சாவது செமஸ்டர்ல 'அல்ஜிப்ரா அண்ட் நம்பர் தியரி'ன்னு ஒரு பேப்பர் இருந்துச்சு. குரூப், ரிங், ஃபைனைட் ஃபீல்டு, காங்குருவன்ஸ், ஃபெர்மா தேற்றம், ஆய்லர் தேற்றம் எல்லாமே உண்டு. எங்க கிளாஸ்ல அதை ஏதோ தண்டனை மாதிரி பார்த்தோம். "கோடிங் படிக்க வந்தவனுக்கு இது எதுக்குடா?" ஜெராக்ஸ் நோட்ஸ், முக்கியமான கேள்வி, அரியர் விழாம தப்பிச்சா போதும்.

இதுல ஒரு வேடிக்கை. ரெண்டாவது செமஸ்டர்ல லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் இருந்துச்சு. அது அப்ளைடு மேத்ஸ், எலக்ட்ரிக்கல்காரங்க சர்க்யூட் கணக்குக்கு தினம் புழங்குற விஷயம். ஆனா நாங்க ஒரு சர்க்யூட்டைக்கூட பார்க்காம, ஃபார்முலா டேபிளை மட்டும் மனப்பாடம் பண்ணினோம். அதனால அப்ளைடும் எங்களுக்கு அப்ஸ்ட்ராக்ட்டாத்தான் இருந்துச்சு. அப்போ வெறுப்பு வந்தது கணக்கோட வகையைப் பார்த்து இல்ல. அந்தக் கணக்கு எந்தக் கேள்விக்குப் பதில்னு யாரும் சொல்லல, நாங்களும் கேட்கல.

அந்த அல்ஜிப்ராவுக்கு பதில் ஏழாவது செமஸ்டர்ல வந்துச்சு: கிரிப்டோகிராஃபி. அதே காங்குருவன்ஸ், அதே ஆய்லர். ஆனா அதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிப்போய் எல்லாம் மறந்து போச்சு. 2021 ரெகுலேஷன்ல அந்த மேத்ஸ் பேப்பர் கட்டாயப் பாடமா இல்ல. கிரிப்டோகிராஃபி அஞ்சாவது செமஸ்டருக்கு வந்து, தேவையான நம்பர் தியரி அதுக்குள்ளயே வருது. நல்லதா கெட்டதான்னு கேட்டா, எனக்கு ரெண்டு மனசு. காரணம் கையில இருக்கும்போது படிக்கிறது சுலபம். ஆனா ஒரு யூனிட்டுக்குள்ள குரூப் தியரியைத் திணிச்சா அதுவும் மனப்பாடம்தான் ஆகும்.

சரி, நேத்து அவகிட்ட என்ன சொன்னேன்னு வாங்க. எலுமிச்சையை வச்சே சொன்னேன், பக்கத்துல புளியங்குடி இருக்கும்போது வேற எதுக்கு.

ஒரு பைக்கு 33 பழம். மீதியை மட்டும்தான் எழுதணும். நான் அனுப்ப நினைக்கிற ரகசிய எண் 4. அதை மூணு தடவை பெருக்கினா 64. 33 போக மீதி 31. இந்த 31-ஐத்தான் அனுப்புவேன். 33-ம் 3-ம் ஊருக்கே தெரியலாம். திறக்கணும்னா 31-ஐ ஏழு தடவை பெருக்கி, 33-ஆல வகுத்து மீதி எடுக்கணும். 4 திரும்ப வரும். அந்த 7 மட்டும் ரகசியம்.

நான் போனை எடுத்து கால்குலேட்டர் தேடுறதுக்குள்ள அவ சொல்லிட்டா: "31-ங்கிறது மைனஸ் 2 தானண்ணே. ஏழு தடவை பெருக்கினா மைனஸ் 128. 132-ஐக் கூட்டு, 4."

சத்தியமா நான் அப்படி யோசிக்கவே இல்ல.

இதுதான் ஆர்.எஸ்.ஏ. 1977-ல ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூணு பேரும் கண்டுபிடிச்சது. 33-ஐ 3, 11-னு யாரும் பிரிச்சிடலாம். நிஜத்துல 2048 பிட், அதாவது 617 இலக்க எண். அதைப் பிரிக்கத்தான் இன்னைக்கு இருக்கிற கம்ப்யூட்டர்களால முடியல. நம்ம ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைச்ச ஹார்டி, 1940-ல எழுதின புத்தகத்துல நம்பர் தியரி போருக்கு உதவாததையே பெருமையாச் சொன்னார். நாற்பது வருஷம்கூட தாங்கல.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். என் வேலையில ஆய்லர் தேற்றத்தை நான் ஒரு நாளும் எழுதினதில்ல. லைப்ரரி பார்த்துக்கும், சொந்தமா கிரிப்டோ எழுதாதேன்னுதான் எங்களுக்குச் சொல்லியே கொடுப்பாங்க. "எல்லா மேத்ஸும் ஒருநாள் உதவும்"னு என்னை மாதிரி பாட்காஸ்ட்காரங்க விடுற டயலாக்கை நம்பி அவ எம்.எஸ்சி. சேரக்கூடாது. இதையும் அவகிட்ட சொன்னேன்.

அவ காதுல விழுந்துச்சான்னு தெரியல. பேப்பரைத் திருப்பி வச்சுட்டு கேட்டா: "அந்த 7 எப்படி வந்துச்சு? நில்லு, சொல்லாத. 3-லயும் 11-லயும் ஒண்ணு ஒண்ணு குறைச்சா 2, 10. பெருக்கினா 20. 3-ஐயும் 7-ஐயும் பெருக்கினா 21, மீதி 1. 3-க்கு இன்வர்ஸா அண்ணே?"

ஆமா பிள்ள, இன்வர்ஸ்தான்.

சோறு ஆறிப்போச்சுன்னு சித்தி சத்தம் போட்டாங்க. எம்.எஸ்சி.யா எம்.சி.ஏ.வான்னு இன்னும் முடிவாகல. இப்போ அவ 33-க்குப் பதிலா பெரிய எண்ணை வச்சு எனக்கு ஒரு புதிர் போட்டுக் கொடுத்திருக்கா. அடுத்த வாரம் வரைக்கும் டைம்.