பேருந்து இல்லாத இடத்திலிருந்து வரும் மாணவர்கள்: ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய போக்குவரத்து வழிகள்



உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஒரே நாளில் வராமல் இருப்பார்கள். அடைமழை நாளில் நாலைந்து பேர் குறைவார்கள். புறப்பாட நடவடிக்கை உள்ள நாளில் மட்டும் சில பெயர்களுக்கு நேரே எப்போதும் ஒரு கோடு இருக்கும். "அக்கறை இல்லாத பெற்றோர்" என்று நாமும் மனத்துக்குள் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி புதன்கிழமைகளில் வரவே மாட்டாள். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். "புதன்கிழமை நாலு மணிக்குத்தானே டீச்சர் விடுவாங்க. வேன் ஒரு மணிக்கே போயிடும். கூட்டிட்டுப் போக ஆளு இல்ல. அதனால பாட்டி காலையிலேயே போக வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். இரண்டு மணி நேர நடவடிக்கைக்கு வழியில்லாமல், ஒவ்வொரு வாரமும் ஒரு முழுநாள் பாடம் போய்க்கொண்டிருந்தது. அவளைக் கேட்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கிறது.

இது ஏதோ ஒரு பள்ளியின் கதை அல்ல. நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தோட்டத்துக்குள்ளேயே கட்டப்பட்டவை. லயத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்டன. பள்ளி மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கிறது. அந்த மண்சாலைக்குப் பேருந்து வருவதில்லை. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட நம் பள்ளிகள் பலவற்றில், வேன் நின்றால் பிள்ளைகள் நிற்பார்கள். பிள்ளைகள் நின்றால் பள்ளியே ஆட்டம் காணும். வீட்டுக்கு எதிரே உள்ள வேறு பள்ளிக்குப் பிள்ளையை மாற்றும் பெற்றோர் எல்லாருமே தமிழ் வேண்டாம் என்று மாற்றுவதில்லை. மாதாமாதம் மூன்று பிள்ளைகளுக்கு வேன் காசு கட்ட முடியாமல் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? முதலில் வேன் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் வேன் அண்ணன் நம் பள்ளிக்கு மட்டும் ஓட்டுவதில்லை. விடியற்காலையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களை இறக்கிவிட்டு நம் பிள்ளைகளை ஏற்றுவார். ஒரு மணி வாக்கில் நம் பிள்ளைகளை இறக்குவதற்குள் பிற்பகல் பள்ளி மாணவர்கள் காத்திருப்பார்கள். அதனால்தான் "பத்து நிமிஷம் பொறுங்கண்ணே" என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. ஆனால் பிற்பகல் மாணவர்களை இறக்கிவிட்டபின், அவர்கள் வீடு திரும்பும் மாலை நேரம் வரை பல வேன்கள் சும்மாதான் நிற்கின்றன. எங்கள் புதன்கிழமைச் சிக்கலுக்கு விடை அங்கேதான் இருந்தது. நாலு மணிக்கு இன்னொரு நடை வர முடியுமா என்று கேட்டபோது, "வரலாமே டீச்சர், இத்தனை நாளா யாரும் கேக்கலயே" என்றார். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். கூடுதல் கட்டணத்தில் பாதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றது. அந்த மாணவி அடுத்த புதன்கிழமை வந்தாள்.

ஆகவே கூடுதல் வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி ஆகியவற்றின் தேதிகளை முடிவு செய்யும்போதே வேன் ஓட்டுநர்களிடமும் பேசிவிடுங்கள். முதல்நாள் இரவு வாட்ஸ்அப்பில் அறிவிப்பது யாருக்கும் உதவாது.

அடுத்தது, வேன் முறையானதா என்பது. தீபகற்பத்தில் பள்ளிப் பேருந்துக்கும் வேனுக்கும் அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் உரிமம் வேண்டும். ஓட்டுநருக்குச் சாதாரண லைசென்ஸ் போதாது, பி.எஸ்.வி. உரிமம் வேண்டும். வண்டியும் குறித்த காலத்தில் சோதனைக்குப் போயிருக்க வேண்டும். சொந்த வண்டியில் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றும் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் தனியார் காருக்கான காப்புறுதி, கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவதற்குப் பொருந்தாது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கப் போகும்போதுதான் அது பெற்றோருக்குத் தெரியவரும். இன்னொன்று. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது, முறையாகப் பதிவு செய்த பள்ளிப் பேருந்துகளுக்கு மானிய டீசல் பெற வழி இருந்தது. உரிமம் இல்லாதவருக்கு அது இல்லை. எனவே உரிமம் எடுக்கத் தயங்கும் ஓட்டுநரை விரட்டாமல், மனு செய்ய உதவுவது பள்ளிக்கே நல்லது. பாரம் நிரப்பத் தெரியாமல்தான் பாதிப் பேர் நிற்கிறார்கள்.

"நானே என் காரில் இறக்கிவிடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் நம்மில் நிறைய. மனசு பெரிது, சந்தேகமில்லை. ஆனாலும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் தலைமையாசிரியரின் ஒப்புதலும் இல்லாமல் ஏற்றாதீர்கள். ஒரு பிள்ளையை மட்டும் தனியாக ஏற்ற வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களில் சிறு பிள்ளைகளுக்குரிய பாதுகாப்பு இருக்கை கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பட்டணத்தை ஒட்டிய பள்ளி என்றால் வேறு சில வழிகளும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரேபிட் கேஎல் நடத்தும், அழைத்தால் வரும் வேன் சேவையைப் பலர் இன்னும் கேள்விப்பட்டதே இல்லை. கைப்பேசிச் செயலியில் எங்கிருந்து எங்கே என்று பதிவு செய்தால், அருகில் உள்ள ஒரு நிறுத்தத்துக்கு வேன் வரும். அதே வழியில் போகும் மற்றவர்களும் ஏறிக்கொள்வார்கள். ஒரு பயணத்துக்கு ஒரு ரிங்கிட் என்றுதான் அது அறிமுகமானது. ஆனால் குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் மட்டுமே ஓடும். சொன்ன நிமிடத்தில் வரும் என்ற உறுதியும் இல்லை. எனவே காலை மணியடிப்பதற்குள் பிள்ளையைக் கொண்டுவர இதை நம்ப வேண்டாம். வேறொன்றுக்கு இது மிகவும் உதவும்: பெற்றோர் சந்திப்புக்கு வர வழியில்லாத தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும். சிலாங்கூரில் ஸ்மார்ட் சிலாங்கூர் இலவசப் பேருந்துகளும் ஓடுகின்றன. உங்கள் பள்ளிக்கு அருகில் நிறுத்தம் உள்ளதா என்று பார்த்து, சந்திப்புக் கடிதத்திலேயே பேருந்து எண்ணையும் எழுதுங்கள். கடிதத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பேரப்பிள்ளையின் அடைவுநிலையைக் கேட்க ஆசையாக இருந்தும், கிராப் கூப்பிடத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளை நான் அறிவேன்.

சிறப்புக் கல்வி வகுப்பு மாணவர்களின் நிலை இன்னும் கடினம். சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடமில்லை என்று வேன்கள் மறுத்துவிடுகின்றன. இவர்களுக்குக் கல்வி அமைச்சு வழங்கும் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை போக்குவரத்துக்குக் கைகொடுக்கும். சமூகநல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் கட்டணச் சலுகை உண்டு. அட்டை எடுத்தால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படும் பெற்றோரிடம் பொறுமையாகப் பேசுங்கள். ஒரே நாளில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு மணிலா அட்டையில் பள்ளியை நடுவில் போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். எந்தப் பிள்ளை எந்த வேனில், யாருடைய மோட்டாரில் வருகிறது என்று எழுதுங்கள். எங்கள் பள்ளியில் இதைச் செய்தபோது, ஒரே தாமானிலிருந்து மூன்று குடும்பங்கள் தனித்தனியாக மோட்டாரில் வருவது தெரிந்தது. இப்போது முறைவைத்து ஒரே காரில் அழைத்து வருகிறார்கள். ஒவ்வொரு வேனிலும் வரும் மாணவர் பட்டியலும் ஓட்டுநரின் எண்ணும் அலுவலகத்தில் இருக்கட்டும். வேன் பழுதானால் யாரை அழைப்பது, வேறு ஆள் வந்தால் பிள்ளையை ஒப்படைக்கலாமா என்பதையும் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யச் சரியான நேரம் முதலாம் ஆண்டுப் பதிவு நாள். பெயர், பிறப்புப் பத்திரம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "பிள்ளை எப்படி வரும், எப்படித் திரும்பும்?" என்று கேட்டு, வரும் பதிலைப் பாரத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி திறப்பதற்கு முன் வேன் அண்ணனிடம் பேச அந்தக் குறிப்பு போதும்.